பதினொன்றாம் கிரீனில் பந்து போன தூரம்

செப்டம்பர் 30

இந்த நோட்டை மேஜர் ஐயா இன்று காலையில் என் கையில் கொடுத்தார். எங்கள் கோல்ப் கிளப்புக்கு அவர்தான் செக்ரட்டரி.

"பூரணம், பதினொன்னாம் கிரீன்ல பந்து எத்தனை அடி உருளுதுன்னு காலையில பார்த்து இதுல எழுதணும். எழுதத் தெரியுமா?"

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எழுதினேன் ஐயா. என் எழுத்தைப் படிச்சு வாத்தியாருக்குக் கண்ணு கெட்டுப்போச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

சிரிக்கவில்லை. பட்டாளத்தில் சேரும்போதே சிரிப்பை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

என் வேலை குழி மாற்றுவது. கொடி நிற்கிற இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லைப் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டி வைத்திருப்போம். குழி ஒரே இடத்தில் இருந்தால் மிதிபட்டுப் புல் செத்துப்போகும். அதனால் தினமும் பழைய குழியை மூடி வேறு இடத்தில் வெட்ட வேண்டும். பதினெட்டுக் கிரீன், பதினெட்டுக் குழி. என்னை மாதிரி குழி பறிக்கிறவள் இந்த மலையிலேயே கிடையாது.

அடுத்த மாதம் இருபத்தைந்து, இருபத்தாறில் பெரிய போட்டி. வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தரை கெட்டியாக, பந்து வேகமாக ஓடும்படி இருக்க வேண்டுமாம். தண்ணீர்க் குழாயை மூன்று வாரமாக மூடி வைத்திருக்கிறார்கள். ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் இல்லை. ஈரத் தரையில் விழுந்த பந்து, விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இப்போது விழுகிற பந்து, மாமியார் குரல் கேட்ட மருமகள் மாதிரி ஓடுகிறது.

அளப்பதற்கு மூன்றடி நீளத்தில் ஒரு அலுமினியத் தகடு இருக்கிறது. நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். அதன் மேல்முனையில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால், ஒரு உயரம் வந்ததும் பந்து தானே புறப்படும். கீழ்ப்பக்கமாக ஒரு தரம், மேல்பக்கமாக ஒரு தரம் விட்டு, இரண்டையும் கூட்டிப் பாதி எடுக்க வேண்டும். ஆபீசுக்கு அந்தப் பாதி மட்டும் போதும்.

கீழே பன்னிரண்டு. மேலே ஏழு. பாதி ஒன்பதரை.

பதினொன்றாம் கிரீன் மலை விளிம்பில் இருக்கிறது. அதற்குக் கீழே கம்பி வேலி, தேயிலைச் செடி, அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற கீழ்லைன். பதினோரு வீடு. மூன்றாவது வீடு என் அக்கா அழகம்மாவுடையது. துணி உதறும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். அந்த உதறலில் என்னை நினைத்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 4

கீழே பன்னிரண்டு. மேலே எட்டு. பாதி பத்து.

"வெரிகுட்" என்றார் மேஜர் ஐயா. எனக்குப் புரியாதது ஒன்றுதான். தரை காய்ந்து வேகம் கூடினால் இரண்டு பக்கமும் கூட வேண்டாமா? கீழே அப்படியே இருக்கிறது, மேலே மட்டும் கூடியிருக்கிறது. நம்முடையது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. விட்டுவிட்டேன்.

அக்டோபர் 7

கிரீனின் மேல் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. பெள்ளி அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஹெட் மாலி, புல் வேலைக்காரர்களுக்கெல்லாம் பெரியவர், முப்பது வருட சர்வீஸ்.

"காஞ்சா வெடிக்காதா? உன் குதிகாலைப் பாரு."

"என் குதிகால்ல சுண்டுவிரல் நுழையாதுண்ணே."

"மணலைப் போட்டு மூடு. மெம்பருங்க பார்த்தா வம்பு."

ஒரு வாளி மணல் போட்டேன். குடித்துவிட்டது. இன்னும் ஒரு வாளி போட்டேன். அதையும் குடித்தது. மூன்றாவது வாளியில்தான் நிரம்பியது. மேலே பெருக்கிவிட்டேன், தெரியவில்லை.

அக்டோபர் 9

கீழே பதினொன்றரை. மேலே ஒன்பதரை. பாதி பத்தரை.

வழியில் மருதவீரன் மாமாவைப் பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர். அக்கா என்னோடு பேசி நாலு வருடமாகிறது, ஆனால் மாமா அக்காவுக்குத் தெரியாமல் இரண்டு பங்காகப் பேசிவிடுவார்.

"கொழுந்தியா, தச்சன் யாராச்சும் தெரியுமா? வாசக்கதவு சாத்த மாட்டேங்குது. நிலையில போய் இடிக்குது."

"என் அக்கா கோவத்துல இழுத்து இழுத்துச் சாத்துனா கதவு என்ன பண்ணும் மாமா?"

"எங்க வீடு மட்டுமில்ல புள்ள. நாலாவது வீட்டுலயும் அதே கதைதான்."

"அப்ப அங்கேயும் ஒரு அழகம்மா இருக்கா போல."

சிரித்து இருமி, மறுபடியும் சிரித்தார். மாமாவைச் சிரிக்க வைப்பது சுலபம். அது மட்டும் போதும் எனக்கு, அன்றைக்கு வேலை ஓடிவிடும்.

அக்டோபர் 12

வெடிப்பில் மணல் ஒரு சாண் இறங்கியிருந்தது. மறுபடி இரண்டு வாளி.

அக்டோபர் 14

கீழே பதினொன்று. மேலே பதினொன்று.

ஐந்து தரம் விட்டுப் பார்த்தேன். தகட்டைத் துடைத்துவிட்டு விட்டேன். பந்தை மாற்றி விட்டேன். பிறகு குப்புறப் படுத்து, கன்னத்தைப் புல்லில் வைத்துப் பார்த்தேன். புல் சுட்டது. காலை ஏழு மணிதான்.

இந்தக் கிரீனில் பந்து எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இழுக்கும். மெம்பர்கள் எல்லோரும் அதற்குத் தகுந்த மாதிரி மேலே தள்ளித்தான் அடிப்பார்கள். இன்றைக்கு வயதான டாக்டர் ஐயா ஒருவர் வழக்கம்போல் மேலே பார்த்து அடித்தார். பந்து அந்தப் பக்கமே நேராகப் போய் நின்றது. பை தூக்கி வந்த ஆளைப் பிடித்து, "நீ காட்டுன லைன் தப்பு" என்று ஒரே திட்டு. "இருபது வருசமா இதே லைன்தானே ஐயா காட்டுறேன்" என்றான் பாவம். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

அக்கா இருந்தால் கேட்கலாம். இந்தக் குழி மாற்றும் வேலை முன்னால் அவளுடையது. பத்து வருடம் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடந்தே எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு என்று சொல்லிவிடுவாள். இடுப்பு உடைந்த பிறகு அவளால் முடியவில்லை, வேலை எனக்கு வந்தது. உடைந்தது ஒரு தனிக் கதை.

அக்டோபர் 19

கீழே பத்து. மேலே பன்னிரண்டு. பாதி பதினொன்று.

மேடேறுகிற பந்து அதிக தூரம் போகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. போன மாசம் பள்ளத்துக்குப் பன்னெண்டு போன பந்து இப்ப பத்துதான் போகுது. ஏழு அடி ஏறுனது பன்னெண்டு அடி ஏறுது."

"கூட்டிப் பாதி எவ்வளவு?"

"பதினொன்னு."

"எனக்கு அதுதான் வேணும்."

"இல்லைங்கய்யா, கிரீன் மேல்பக்கமா சாஞ்ச மாதிரி…"

"பூரணம். ரெண்டு பக்கமும் எதுக்கு உருட்டச் சொல்றாங்க தெரியுமா? சரிவு கணக்குல வரக்கூடாதுன்னுதான். அதுக்குத்தான் பாதி. தரை வேகமா இருந்தா பந்து அப்படி இப்படித்தான் போகும்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதுவும் உன் விளையாட்டுல ஒன்னா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப போய்க் குழியை வெட்டு."

வெட்டினேன்.

அக்டோபர் 20

கம்பி வேலித் தூண்கள் ஐந்தும் பள்ளத்தைப் பார்த்துக் குனிந்திருக்கின்றன, கும்பிடு போடுகிற மாதிரி. பெள்ளி அண்ணன் ஒரு மூங்கில் குச்சியை வெடிப்பில் இறக்கினார். இரண்டு ஆள் நீளமுள்ள குச்சி. முழுதும் போய்விட்டது. கையை விட்டதும் உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அண்ணே."

"பேசாத. இருபத்தாறு முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"கீழ்லைனுக்காவது சொல்லலாம்ணே."

"நீ போய்ச் சொல்லு. உன்னை நம்புவாங்க."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் பீடி பற்றவைக்க நாலு தீக்குச்சி ஆனது.

கீழ்லைனில் என்னை ஏன் நம்பமாட்டார்கள் என்பதை எழுதிவிடுகிறேன், நோட்டில் இடம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து உறுமினேன். அந்த வாரம் கரடி நடமாட்டம் என்று பேச்சு இருந்தது. பதினோரு வீடும் கூச்சல் போட்டு ஓடியது. நல்ல வேடிக்கை. நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா சாக்கடையில் விழுந்து கிடந்தது, சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. இடுப்பில் இன்னும் பிளேட் இருக்கிறது.

வேறு ஒன்றுமில்லை.

அக்டோபர் 23

கீழே ஒன்பதரை. மேலே பதிமூன்றரை. பாதி பதினொன்றரை.

மேஜர் ஐயா முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்டோபர் 25

போட்டி முதல் நாள். தரை வறுத்த அப்பளம் மாதிரி இருக்கிறது. பந்து விழுந்தால் டக்கென்று சத்தம் வருகிறது, பிறகு ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள், இந்த மாதிரித் தரையை வெளிநாட்டில்தான் பார்க்க முடியும் என்று பேசிக்கொண்டார்கள். பதினொன்றாம் கிரீனில் மட்டும் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். ஒருவர் பள்ளத்துப் பக்கம் மெல்லத் தட்டின பந்து போய், நின்று, யோசித்து, அவர் காலடிக்கே திரும்பி வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது.

அக்டோபர் 26

காலை ஒன்பதுக்கு மழை. பத்துக்குப் போட்டியை நிறுத்தினார்கள். பதினொன்றுக்கு நான் கீழ்லைனில் இருந்தேன்.

"எல்லாரும் வீட்டை விட்டு வெளிய வாங்க. மேல கிரீன் புரளுது. மண்ணு வெடிச்சிருக்கு. மழைத்தண்ணி அதுக்குள்ளதான் இறங்குது."

முதல் வீட்டு ராக்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. "கம்பளி எங்கடி? கொண்டாரலையா?"

"சத்தியமா சொல்றேன்."

"போன தடவை கரடி. இப்ப மலையே வருதா? அடுத்த தடவை சந்திரனைக் கூட்டிட்டு வருவியா?"

எல்லா வாசலிலும் சிரிப்பு. வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். நல்ல பேச்சுதான் அது.

மூன்றாவது வீட்டு வாசலில் அக்கா நின்றாள். சிரிக்கவில்லை. நான் நனைந்துகொண்டு நின்றேன். "அக்கா, மேல் பக்கமா இழுக்குது. பதிமூணரை அடி" என்றேன். வேறு யாருக்கும் புரிந்திருக்காது. அவள் உள்ளே போய்விட்டாள். சாத்தாத கதவைச் சாத்தப் பார்த்தாள், முடியவில்லை.

அக்டோபர் 27

விடிந்ததும் கிரீனுக்குப் பக்கத்துச் சாமான் கொட்டகையில் நின்று பார்க்கிறேன், தூறலில் அக்கா வருகிறாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை மாமாவின் தோளில். இந்த மேட்டை அவள் ஏறி நாலு வருடமாகிறது. பாதி வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். நான் போய்க் கைகொடுக்கவில்லை. வாங்கமாட்டாள்.

கிரீன் ஓரத்தில் செருப்பை விட்டாள். வெறுங்காலில் நாலு அடி நடந்தாள். நின்றாள். கையை மட்டும் நீட்டினாள், என்னைப் பார்க்காமல். பந்தை வைத்தேன்.

குனிய முடியாமல் குனிந்து பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள். தட்டவில்லை, தள்ளவில்லை. ஈரப் புல்லில் பந்து கொஞ்சம் நின்றது. பிறகு மேட்டுப் பக்கம் உருண்டது. வெடிப்பு வரைக்கும் போய் உள்ளே விழுந்தது.

அதற்குள் அங்கே வந்து நின்ற பெள்ளி அண்ணனிடம் அக்கா பேசினாள். "பத்து வருசம் இந்தத் தரையில நடந்திருக்கேன். இது பழைய தரை இல்ல. அடி கழண்டு பின்னால உட்காருது." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து மணிக்குள் பதினோரு வீடும் காலி. அக்கா வாசல் வாசலாக நின்று ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்." மேலே பள்ளிக்கூடத்து இரண்டு அறைகளில் எல்லோரும் இருக்கிறார்கள். என்னோடு இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை.

அக்டோபர் 29

நேற்று மழை நின்றது. இன்றைக்கு வெயில், பளிச்சென்று. வி.ஏ.ஓ. வந்து செல்போனில் நாலு படம் பிடித்துக்கொண்டு, மேலே எழுதுகிறேன், அதுவரை யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிரீனைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. அளவு இல்லை.

அக்டோபர் 31

ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பிடிக்க வரிசை, கக்கூசுக்கு வரிசை. ஹெட்மாஸ்டர் திங்கட்கிழமை அறை வேண்டும் என்கிறார். ராக்கம்மா என்னைப் பார்த்து, "என்னடி, உன் மலைக்குக் கால் வலியா? இன்னும் கிளம்பலையே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள், அதுதான் பொறுக்கவில்லை. அவள் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். குளிர் பிளேட்டில் இறங்கி ராத்திரியெல்லாம் முனகுகிறாளாம்.

ஐந்து நாளாக எல்லோரிடமும் போகாதே போகாதே என்று சொல்லி என் வாயே எனக்குச் சலித்துவிட்டது. இப்படி ஒரு பூரணத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நவம்பர் 1, காலை ஒன்பது மணி

கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல வெயில். மாமா இப்போதுதான் இந்த வழியாக வந்தார். முகம் வாடிக் கிடந்தது. ஒரு வாரமாகத் தாடி வேறு.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"கீழதான். அக்காவோட வெந்நீர்ப் பை வீட்டுல இருக்கு. அது இருந்தா இடுப்புக்குக் கொஞ்சம் இதமா இருக்கும். கோழிக்கும் ரெண்டு பிடி அரிசி போட்டுட்டு வந்துடுறேன்." கயிற்றுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "என்ன கொழுந்தியா, உன் மலை இன்னிக்காச்சும் விழுமா? இல்ல நாள் பார்த்துக்கிட்டிருக்கா?"

"உங்களுக்குத்தான் மாமா காத்துக்கிட்டிருக்கு. மாப்பிள்ளை வராமப் பந்தி போடுவாங்களா?"

எவ்வளவு சிரித்தார்! கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மாப்பிள்ளை போயிட்டு வரேன், இலையைப் போட்டு வை" என்று இறங்கிப் போனார். வளைவு திரும்பும்வரை தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் புல் பெருக்கிக்கொண்டிருந்த பெள்ளி அண்ணன்கூட நிமிர்ந்து பார்த்தார்.

தடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு அங்கே ஐந்து நிமிட வேலைதானே.

கோழிகளைக் கூப்பிடுகிறார். இங்கே வரைக்கும் கேட்கிறது.

நவம்பர் 1

பதினொன்றாம் கிரீன் இல்லை.

நவம்பர் 3

முதல் வீட்டிலிருந்து ஏழாவது வீடு வரைக்கும் மண். வெயிலில்தான் வந்தது. சத்தம் லாரி கல் கொட்டுகிற மாதிரி இருந்தது, ஒரு தடவைதான். இன்று மதியம் மாமாவை எடுத்தார்கள். வெந்நீர்ப் பையை இடுப்பு வேட்டியில் செருகியிருந்தார்.

மற்ற எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர். ராக்கம்மா என் காலைத் தொட வந்தாள். நான் ஓடி வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 4

மேஜர் ஐயா பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கைகூப்பினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்த நோட்டைக் கேட்டார். தாசில்தார் விசாரணைக்கு வருகிறாராம், அதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். தாசில்தார் கையிலேயே கொடுக்கிறேன் ஐயா என்றேன்.

கொடுத்தால் எல்லா நாளும் படிப்பார்கள். நவம்பர் முதல் தேதியையும் படிப்பார்கள்.

நவம்பர் 6

இன்று அக்கா பேசினாள்.

பள்ளிக்கூடத்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் டீ கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். "பூரணம், உட்காரு" என்றாள். நாலு வருடத்துக்குப் பிறகு என் பெயர். உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு அவரு சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனாராம். பெள்ளி அண்ணன் சொன்னாரு. தோளெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரிச்சாராம்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வந்ததுலேர்ந்து அந்த மனுசன் சிரிக்கவே இல்லடி. நான் முனகுறதைக் கேட்டுக் கேட்டு மூஞ்சி செத்துப்போச்சு. மேல யாரோ என்னமோ சொல்லிச் சிரிக்க வச்சு அனுப்பியிருக்காங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"யாரா இருந்தாலும் நல்லாருக்கட்டும். கடைசியா அழுதுகிட்டே போயிருந்தா நான் தாங்கமாட்டேன்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடுப்புப் பக்கம். பிளேட் கையில் தட்டுப்பட்டது. டீ ஆறிப்போகும்வரை வைத்திருந்தாள். நானாக எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.